பீடத்தில் எரிந்த பச்சை விளக்கு

11.1.2009, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து திரும்பியபோது ஆக்னஸ் கூடத்தில் முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள். கையில் எங்கள் மகன் சாவியோவின் கறுப்புப் பெட்டி. அறுபத்தைந்து வயதில் இப்படி ஏறி நிற்கிறாளே என்று நான் பதறியதை அவள் பொருட்படுத்தவில்லை. பின்னறையிலிருந்து அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "வரல... வரலம்மா... இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."

எனக்கே முழுதும் விளங்காத காரியம் இது. எழுதினால் விளங்கும் என்று எழுதுகிறேன். தொலைக்காட்சியோடு பூட்டி விளையாடும் பெட்டி அது. வளைகுடாவில் தரை ஓடு சுடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அவன் வாங்கியது. அதற்குத் துணையாக உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கருவியும் உண்டு. பெட்டி கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் போதும். அதில் நடக்கும் விளையாட்டு, கம்பி எதுவுமின்றி, பின்னறையில் படுத்திருப்பவன் கைக்கருவியில் தெரியும். அங்கிருந்தே ஆடலாம். தொலைக்காட்சியைப் போட வேண்டியதில்லை. கூடத்திற்கு வர வேண்டியதும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியம் காலையிலிருந்து என்னை விட்டுப் போக மறுக்கிறது.

ஆலையின் மேல்தளத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றவனாக அவன் திரும்பி வந்து ஓராண்டு ஆயிற்று. வந்த வாரத்தில் கூடத்தில்தான் படுக்கை. ஊரே வந்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனது. பின்னறைக்கு மாற்றச் சொன்னான், மாற்றினோம். அதன்பின் அந்த நிலைப்படியைத் தாண்டவே இல்லை. சக்கர நாற்காலி கூடத்து மூலையில் நிற்கிறது. ஆக்னஸ் அதன்மேல் ஈரத்துணி காயப்போடுகிறாள்.

பழைய வீட்டுச் சுவர் கனமானது. அலைவரிசை அதைத் துளைத்துப் போகவில்லையாம். பெட்டியை எங்கெங்கோ வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆக்னஸ் அதைப் பீடத்தின் மேல், திரு இருதயப் படத்துக்கும் அந்தோணியார் சுரூபத்துக்கும் நடுவே வைத்தாள். பின்னறைக் கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்துக்கு அந்த இடம் நேரெதிர்.

"அம்மா! வருது! அசைக்காத, அங்கயே வையி!"

"பீடத்திலா?" என்றேன்.

"ஏங்க, அந்தோணியாரு கோச்சிக்கமாட்டாரு. காணாப்போனதத் தேடிக் குடுக்கற சாமி. உங்க புள்ள கொரல இப்பத்தான தேடிக் குடுத்திருக்காரு."

அவன் அவ்வளவு உரக்கப் பேசிக் கேட்டு மாதங்கள் ஆயின. அவள் இறங்க முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

14.1.2009, புதன்

கொளஞ்சியப்பன் வீட்டிலிருந்து பொங்கலும் கரும்பும் வந்தன. அவனே கொண்டுவந்தான். சாவியோவோடு பீங்கான் தொழில் படித்தவன். இரயில் பாதைக்கு அப்பால் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறான். தூங்குவதாகச் சொல்லச் சொன்னான் சாவியோ. சொன்னேன். பீடத்தில் பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் அதை நிமிர்ந்து பார்த்தான். கரும்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனான்.

பொய்க்குப் பீடமே சாட்சி.

20.1.2009, செவ்வாய்

இன்று அவன் படுக்கையருகே அமர்ந்து கைக்கருவியை எட்டிப் பார்த்தேன். மரங்கள் சூழ்ந்த சிற்றூர். நடுவே ஒரு குடிசை. அதைக் காக்க அவன் கோபுரங்கள் எழுப்புகிறான். காட்டிலிருந்து ஏதேதோ வந்துகொண்டே இருக்கின்றன.

"குடிசைக்குள் யார்?"

"குட்டிங்க."

"யாருடைய குட்டிகள்?"

"கேமுப்பா. யாரோடதும் இல்ல."

எல்லா விளையாட்டும் கைக்கருவியில் வராதாம், இரண்டு மூன்றுதான். மற்றவற்றுக்குத் தொலைக்காட்சி முன் அமர வேண்டும். அவற்றை ஆடுவதில்லையா என்றேன். அவன் கட்டைவிரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இடுப்புக்குக் கீழே இறந்தவனுக்கு இரண்டு விரல்களில் இவ்வளவு உயிர்.

எழுந்தபோது சொன்னான்: "அப்பா, பெட்டி மேல எதுவும் வெக்காதீங்க. பின்னால சூடு காத்து வெளிய போவணும். அடைச்சா செத்துரும்."

சரி என்றேன். இதை இங்கே எழுதியும் வைக்கிறேன்.

3.2.2009, செவ்வாய்

மின்வெட்டு இப்போது நாள்தோறும். போய் வரும்போதெல்லாம் பெட்டியை யாராவது மறுபடி முடுக்க வேண்டும். ஆக்னஸுக்கு முக்காலி வேண்டும். எனக்குக் கை எட்டும். ஆகவே அது என் ஊழியமாயிற்று. முடுக்கிவிட்டு நிற்பேன். சிவப்பு போய்ப் பச்சை வரும்.

உள்ளிருந்து கேட்பான்: "பச்சையாப்பா?"

"பச்சைதான்."

ஒரு நாளில் தந்தையும் மகனும் பேசிக்கொள்வது இவ்வளவே. கோவிலில் நற்கருணைப் பேழையின் முன் எரியும் அணையா விளக்கை ஐந்தாண்டுகள் நான்தான் கவனித்துக்கொண்டேன். எண்ணெய் விடுவேன், திரி தூண்டுவேன். அங்கே யாரும் என்னிடம் எரிகிறதா என்று கேட்டதில்லை. இங்கே கேட்க ஒருவன் இருக்கிறான். அதற்காக அந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

18.2.2009, புதன்

முதுகின் கீழே புண் கண்டிருக்கிறது. ஆக்னஸ் துடைத்துவிடும்போது பார்த்திருக்கிறாள். பாண்டியிலிருந்து வாரம் ஒரு முறை இங்கே வரும் மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். கூடத்தில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "இப்படியே படுத்திருந்தார்னா புண்ணு எலும்பு வரைக்கும் போவும். நெஞ்சுல சளி கட்டும். நாற்காலில உக்காரணும், வெளிய போவணும், கைக்கு வேலை குடுக்கணும். மருந்து ரெண்டாவதுதான்." போகும்போது நாற்காலியையும் அதன்மேல் காய்ந்த பாவாடையையும் பார்த்தார்.

சாவியோவிடம் சொன்னேன்.

"வெளிய வந்து யாரப் பாக்கணும்?"

"எங்களை."

"நீங்கதான் இங்க வர்றீங்களே."

நியாயமான விடை. நாற்பதாண்டு தமிழாசிரியனுக்கு அதை மறுக்கத் தெரியவில்லை.

25.2.2009, விபூதிப் புதன்

சாமியார் வீட்டுக்கு வந்து அவன் நெற்றியில் சாம்பல் பூசினார். கைக்கருவியைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அவர் வாசலைத் தாண்டும் முன்பே, "பச்சையாப்பா?"

இந்தத் தவக்காலத்துக்கு ஒரே மன்றாட்டு: உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் அவன் ஒரு முறையேனும் அந்த நிலைப்படியைத் தாண்ட வேண்டும். ஆண்டவரே, நடக்கக் கேட்கவில்லை. உட்காரத்தான் கேட்கிறேன்.

13.3.2009, வெள்ளி

கோவிலில் சிலுவைப்பாதை. எப்போதும்போல் நான்தான் முன்னின்று வாசித்தேன். மூன்றாம் நிலை, ஏழாம் நிலை, ஒன்பதாம் நிலை: ஆண்டவர் மூன்று முறை விழுகிறார், மூன்று முறையும் எழுகிறார். என் மகன் ஒரே முறைதான் விழுந்தான். ஒன்பதாம் நிலையில் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டேன். பின்னால் யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

வீடு வந்து அவனுக்காக ஒரு நீண்ட பா எழுதலாம் என்று அமர்ந்தேன். வந்தது இரண்டே அடி.

மூடிய வாசல்முன் முட்டியே நின்றேற்குப்
பாடிய பாவும் பழுது.

எதுகை மோனை பிசகவில்லை. தளை தட்டவில்லை. அதனால் யாருக்கு என்ன? அவனிடம் போய்ச் சொல்லிக் காட்டினேன், மடையன். "அப்பா, பாட்டு வேணாம்பா. அந்தத் தலகாணிய மட்டும் கொஞ்சம் ஏத்தி வைங்க."

ஏற்றி வைத்தேன்.

19.3.2009, வியாழன்

கொளஞ்சியப்பன் மறுபடி வந்தான். அவன் பட்டறையில் வண்ணம் சுடும் சின்ன மின்சூளை கோளாறு செய்கிறதாம். சுட்ட விளக்கெல்லாம் விரிசல். "சூட்டப் பத்தி அவனாட்டம் ஒருத்தனுக்கும் தெரியாதுங்கய்யா. ஒரு தபா வந்து பாத்தா போதும்." சாவியோ தூங்குவதாகச் சொன்னேன். "எப்பத்தாங்கய்யா முழிப்பான்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

28.3.2009, சனி

நாளை முதல் திருச்சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் காலம். இக்காலத்தில் கோவில்களிலேயே பலரும் செய்வதில்லை. என் வீட்டில் விட்டதில்லை. உயிர்ப்பு விழாவில் திறக்கும்வரை மாதாவும் அந்தோணியாரும் திரைக்குள் இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாதபோதுதான் மனம் தேடும் என்பார் என் தந்தையார்.

மேலும் நாளை மாலை நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தின் செபக் கூட்டம் நம் வீட்டில். இருபது பேர் வருவார்கள். பீடத்தை நோக்கித்தான் முழந்தாளிடுவார்கள். பீடத்தின் நடுவே விளையாட்டுப் பெட்டி.

பெரிய துணியாக எடுத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே விரிப்பாக மூடிவிட்டேன். இப்போது எல்லாம் ஒரே ஊதா மேடு. எது சுரூபம், எது பெட்டி என்று தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது.

29.3.2009, ஞாயிறு

நின்றுவிட்டது.

கூட்டம் நீண்டது. செபமாலை, வாசகம், மன்றாட்டுகள். சாவியோவுக்காகவும் ஒருவர் மன்றாடினார், அவன் காதில் விழும்படியாக. அவர்கள் டீ குடித்து எழும்வரை அவன் உள்ளே ஆடிக்கொண்டே இருந்திருக்கிறான். எல்லாரும் போனபின் குரல் வந்தது.

"அப்பா, கட்டாயிடுச்சு. பச்சையா?"

துணியைத் தூக்கினேன். துணி, இஸ்திரி போட்டு எடுத்ததுபோல் சுட்டது. உள்ளே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மஞ்சள் ஒன்று கண்சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுபடி முடுக்கினேன். மஞ்சள். மறுபடியும் மஞ்சள்.

"அப்பா?"

"மஞ்சளாக வருகிறது."

"கரண்டு ஆடிருக்கும். சாயங்காலம் லைட்டே மங்கிச்சி இல்ல," என்றான்.

மங்கியதுதான். நான் துணியை மெல்ல உருவி, பெட்டியை மட்டும் வெளியே விட்டு மற்றவற்றை மூடினேன். சத்தம் வராமல் செய்தேன். ஆக்னஸ் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

30.3.2009, திங்கள்

மஞ்சள்.

1.4.2009, புதன்

பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறிப் பாண்டி போனேன். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். பழுதுபார்க்கும் கடையில் ஒரு பிள்ளை. வளன் என்று பெயர், கழுத்தில் மாதா உத்தரியக் கயிறு கிடந்தது. திறந்து பார்த்தான்.

"மேல எதனா போட்டு மூடினீங்களா தாத்தா?"

"ஆமாம்," என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது! பெற்ற மகனிடம் வராத சொல், முன்பின் தெரியாத பிள்ளையிடம்.

உள்ளேயிருக்கும் பலகையில் ஈயப் பற்று சூட்டில் விட்டுவிட்டதாம். "சில பேரு போர்டைக் கழட்டி ஓவன்ல வெச்சு சூடு காட்டுவாங்க. ஒட்டினா ஒட்டும். ஒட்டினாலும் கொஞ்ச நாளுதான். நாங்க அதெல்லாம் செய்யறதில்ல தாத்தா. எடுத்துக்கினு போங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

2.4.2009, வியாழன்

சாவியோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். காலையில் அரை இட்லி. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்படியே கிடப்பதால் புண் இடப்பக்கமும் பரவுகிறது. திருப்பிப் படுக்கவைக்கப் போனால், "வுடும்மா" என்கிறான். இருவரும் சேர்ந்தும் எங்களால் அவனைத் தூக்க முடிவதில்லை. எழுபத்தொன்றும் அறுபத்தைந்தும்; என்ன தூக்குவது?

கூடத்தில் அமர்ந்திருக்கிறேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அவன் வெளியே வராமலிருக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்றுதானே அந்தப் பெட்டியை வெறுத்தேன்? வழி அடைபட்டது. வந்தானா? இன்னும் உள்ளேதான் போயிருக்கிறான். எனக்கு எட்டாத ஆழத்துக்கு.

3.4.2009, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கட்டிலருகே நின்று, நின்றவாறே: "கரண்டு இல்லை சாவியோ. நான்தான். துணி போட்டு மூடினேன்."

திரும்பாமலே, "ஜனவரிலயே சொன்னேன் இல்ல?"

"சொன்னாய்."

"மறந்துட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதுதான் விடை. ஆமாம் என்றால் முடிந்துவிடும். ஆனால் வாய் வரவில்லை. மறந்தேனா? இதை எழுதுகையில் ஜனவரிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்; என் கையெழுத்திலேயே இருக்கிறது. மூடும்போது நிம்மதியாக இருந்தது என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. எதற்கு நிம்மதி? இருபது பேர் கண்ணில் படாது என்றா? இல்லை, அது செத்தால் நல்லது என்று எனக்குள் ஏதோ ஒன்று... தெரியல. சத்தியமா தெரியல ஆண்டவரே. மூடுனது இந்தக் கைதான். ஏன் மூடுச்சின்னு கைக்குத் தெரியல.

"கதவ சாத்திட்டுப் போங்கப்பா."

சாத்தினேன்.

5.4.2009, குருத்து ஞாயிறு

குருத்தோலையைச் சிலுவையாக மடித்து அவன் தலைமாட்டில் செருகினேன். வெளியேறும்போது முதுகுக்குப் பின்னால் குரல்.

"பாண்டில என்னா சொன்னான்?"

"பலகையை அடுப்பில் வைத்துச் சூடு காட்டுவார்களாம். ஈயம் இளகி ஒட்டினால் ஒட்டுமாம்."

"எவ்ளோ சூடு?"

"கேட்கவில்லை."

"எவ்ளோ நேரம்?"

"கேட்கவில்லை."

"எதத்தான் கேப்பீங்க நீங்க?" என்றான். கோபந்தான். ஆனால் மூன்று நாளுக்குப்பின் அவன் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அந்த வசவைப் பிரசாதம்போல் வாங்கிக்கொண்டு நின்றேன்.

மாலையில் பெட்டியைக் கேட்டான். மடியில் வைத்து, சின்னத் திருப்புளியால் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். ஆக்னஸ் பீங்கான் தட்டை ஏந்தி நின்றாள். அதில் அவன் கழற்றிய வரிசையிலேயே வட்டமாக வைத்தான். ஆட்டத்தில் ஓடியதைப்போல் அவசரமில்லை. அந்த விரல்கள் இப்போது நிதானமாக இருந்தன.

7.4.2009, செவ்வாய்

ஆக்னஸைவிட்டுப் போன் போட்டுக் கொளஞ்சியப்பனை வரவழைத்தான். நான் கதவோரம் நின்று கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"எழுந்துட்டியா மச்சான்? பொங்கல்லேர்ந்து தூங்குனியே, கும்பகர்ணன் தோத்தான்."

"உன் கலர் சூளைல எரநூறு டிகிரி புடிக்க முடியுமாடா?"

"எரநூறா? சூளைக்கு அது குளுரு ஜொரம்டா. எண்ணூறுன்னா கண்ணக் கட்டிக்கினு வெப்பேன். தவிர மீட்டரு பொய் சொல்லுது. அத வந்து பாருன்னுதான் நடையா நடக்கறேன்."

"நான் போன்ல சொல்றேன். நீ பண்ணு."

"மாட்டேன். உருகி ஊத்திடுச்சின்னா ஆயுசுக்கும் என்னத் திட்டுவ. வேணும்னா எங்க கொளஞ்சியப்பர் கோயில்ல உம் பேர்ல ஒரு பிராதுச் சீட்டு எழுதிக் கட்டறேன், அது சாமி பாத்துக்கும். சூளைகிட்ட நீதான் நிக்கணும்."

"நிக்கணுமா?" என்றான் சாவியோ.

கொளஞ்சியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவன் குரல் முன்னைவிட உரக்க வந்தது. "எம் பட்டறையில எவன்டா நிக்கறான்? நானு, எம் பொண்டாட்டி, பொம்மைக்குக் கண்ணெழுதற ஆண்டாள் அக்கா, அல்லாரும் உக்காந்துக்கினுதான் இருக்கோம். நீயும் வந்து குந்து. வரலன்னா வுடு, வேல கெடக்குது எனக்கு."

போய்விட்டான். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. நான் கூடத்துக்கு வந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், பீடத்தின் துணியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா."

"என்னப்பா?"

"நாற்காலில காயற துணிய எடுங்க."

9.4.2009, பெரிய வியாழன்

கூரையைப் பிரித்து ஒரு முடவனைக் கட்டிலோடு இறக்கினார்கள் நான்கு பேர் என்று வேதத்தில் உண்டு. எத்தனை முறை அதை விளக்கிப் பேசியிருப்பேன். விசுவாசம், விசுவாசம் என்று. அந்த நால்வருக்குத் தோள் வலித்திருக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று தூக்கியவர்கள் கொளஞ்சியப்பனும் அவன் பட்டறை ஆட்கள் இருவரும். நான்காவதாக என் கையும் நாற்காலியில் இருந்தது. தூக்கவில்லை, தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவே. நிலைப்படியில் சக்கரம் முட்டியது. சாவியோவின் முகம் வெளுத்து வியர்த்தது. ஓராண்டாக நேரே உட்காராத உடல் மயங்கப் பார்த்தது. "எறக்கிடலாமாடா?" என்றான் கொளஞ்சியப்பன். "தூக்குடா" என்றான் இவன். ஆக்னஸ் பழைய புடவைகளை மடித்துப் புண் அழுந்தாதபடி வைத்திருந்தாள். அப்படியும் அழுந்தியிருக்காது என்று சொல்லமுடியாது. அங்கே அவனுக்கு உணர்வில்லை. அதுதான் இன்னும் பயம்.

பட்டறையில் சின்னச் சூளை இடுப்பளவு உயரம். உட்கார்ந்தவன் கண்ணுக்குச் சரியாக எட்டுமிடத்தில் பார்வைத் துளை. மீட்டரை நம்ப முடியாததால் சாவியோ ஒரு வழி செய்தான்: பழைய ரேடியோப் பலகையிலிருந்து சுரண்டிய ஈயத் துணுக்கை ஓட்டுச் சில்லில் வைத்து, பெட்டியின் பலகைக்கு அருகே, துளைக்கு நேராக நிறுத்தினான். துணுக்கு உருண்டு பளபளத்தால் சூடு வந்துவிட்டதென்று பொருள். இந்தப் பலகையின் ஈயம் இளக இன்னும் கொஞ்சம் போக வேண்டும்.

"உள்ள இருட்டா இருக்குது. டார்ச்சு அடிங்கப்பா."

அடித்தேன். வெளிச்சம் துளையை விட்டு நழுவியது.

"அசைக்காதீங்க."

இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கன்னம் என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. துளைக்குள் அவன் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். செபிக்க முயன்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. மனப்பாடமாக இருந்ததெல்லாம் எங்கே போயிற்று?

"இப்ப... இரு... இரு... அணைடா!"

கொளஞ்சியப்பன் சுவிட்சை அணைத்தான். "ஆறுற வரைக்கும் கதவத் தொறக்காதீங்க. ஆட்டாதீங்க," என்றான் சாவியோ. பிறகு திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, மேல துணி கிணி போட்டுறாதீங்க."

கொளஞ்சியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண்டாள் தூரிகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். நான் சிரித்தேனா, அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறுவதற்குக் காத்திருந்த நேரத்தில் அவன் ஒரு விரிசல் விட்ட விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சூடு ஏறும்போது வெடிக்கல. எறங்கும்போது. அவசரப்பட்டுத் தொறக்கறீங்க," என்றான்.

10.4.2009, பெரிய வெள்ளி

பலகையைப் பெட்டிக்குள் மறுபடி பூட்டிவிட்டான். இன்று முடுக்கவேண்டாம் என்றாள் ஆக்னஸ். "மூணு மணிக்கு ஆண்டவரு உயிர வுடுறாரு, நீ கோபுரம் கட்டப் போறியா?" கேட்டுக்கொண்டான். நேற்றைய பயணத்தில் தோளும் கழுத்தும் வலி, காய்ச்சல் லேசாக.

12.4.2009, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து வந்து பீடத்தைத் திறந்தேன். மாதா, அந்தோணியார், திரு இருதயம். கடைசியாகப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

"பச்சையாப்பா?"

"பச்சைதான்."

"அல்லேலூயா," என்றாள் ஆக்னஸ், அடுப்படியிலிருந்து.

மன்றாட்டு கேட்கப்பட்டது. உயிர்ப்புக்குள் நிலைப்படியைத் தாண்டினான். நானோ அதைக் கொண்டாடத் தெரியாமல் அமர்ந்திருக்கிறேன். காலை முதல் பின்னறைக் கதவு சாத்தியே இருக்கிறது. விரல்களின் சத்தம் மட்டும். நாற்காலியின் மேல் மறுபடி ஒரு துண்டு காய்கிறது. ஒரு முறையேனும் என்றுதானே கேட்டேன். ஒரு முறைதான் கிடைத்தது போலும்.

17.4.2009, வெள்ளி

மருத்துவர் வந்தார். புண் குறையவில்லை, கூடவுமில்லை. "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க," என்றார். நாற்காலிக்குக் காற்றடைத்த மெத்தை ஒன்று எழுதிக்கொடுத்தார். ஒரே மூச்சில் ஒரு மணிக்கு மேல் உட்காரக் கூடாதாம். உட்கார்ந்தால்தானே என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

20.4.2009, திங்கள்

கொளஞ்சியப்பன் போன் செய்தான். சாவியோவிடம் கொடுத்தேன். கதவுக்கு இப்பால் நின்றேன். "தொறந்தியா? எத்தன மணிக்கு? ...ஏன்டா தொறந்த? ...நான் சொன்னனா இல்லியா?" என்று திட்டினான். பிறகு, "வண்டி எடுத்துக்கினு வா."

28.4.2009, செவ்வாய்

இன்று பகலில் மின்சாரம் போய் வந்தது. வழக்கம்போல் எழுந்து போய்ப் பெட்டியை முடுக்கினேன். சிவப்பு. பிறகு மஞ்சள் சிமிட்டி அணைந்தது. மறுபடியும் அழுத்தினேன். மஞ்சள்தான். பாண்டிப் பிள்ளை சொன்னது சரியாயிற்று.

கை பொத்தானின் மேல் இருக்க, உள்ளிருந்து கேள்வி வரும் என்று நின்றேன். வரவில்லை. அப்புறந்தான் நினைவு வந்தது. பின்னறையில் யாரும் இல்லை. காலையிலேயே கொளஞ்சியப்பனின் வண்டி வந்து அவனை ஏற்றிப் போயிருந்தது.

பகல் முழுதும் எப்படிச் சொல்வதென்றே தவித்தேன். மாலை அவனை இறக்கினார்கள். களைத்துப் போயிருந்தான், நகக்கண்ணில் வெள்ளை மண். ஆக்னஸ் புண்ணைத் துடைத்து மருந்திட்டாள். முகம் சுளித்தாள், என்னிடம் காட்டவில்லை. சாப்பிட்டு முடித்தபின் தானே கேட்டான்.

"பச்சையாப்பா?"

"இல்லை. மஞ்சள்."

அவன் கட்டைவிரல்கள் போர்வைமேல் இரண்டு முறை அசைந்தன.

"சரி வுடுங்க. கொளஞ்சி நாளைக்கி சீக்கிரமே வரேன்னான். தூங்கிட்டேன்னா எழுப்புங்க."

விளக்கணைத்துவிட்டு, நாற்காலியை அவன் கட்டிலருகிலேயே விட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தச் சொல்லவில்லை, சாத்தவில்லை. ஆக்னஸ் கை நிறைய ஈரத்துணியோடு கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, இத எங்கங்க காயப்போடறது? நாளைக்கிப் பொறவாசல்ல ஒரு கொடி கட்டிக் குடுங்க."